லூபஸும் காப்பீட்டு அட்டையும்: ஏற்காடு, சேலம் குடும்பங்களுக்கு

லூபஸ் என்றால் மூட்டு வலி, முகத்தில் சிவப்பு, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். நம் எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் இந்த நோய், ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறுநீரகத்தையும் பிடிக்கிறது. வலி இருக்காது. சிறுநீரில் நுரை, கால் வீக்கம், விடிந்ததும் கண்ணைச் சுற்றி உப்பல், இவைதான் அடையாளம். கண்ணும் வாயும் வறளும் ஷோகிரன்ஸ் நோய் இதற்குப் பங்காளி. அதில் சிலருக்குப் பிற்பாடு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வருவதுண்டு. காதடியில் வீக்கம் வந்து வற்றாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

செலவு பெருகும் இடத்தில் கைகொடுப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நோயின் பெயருக்குப் பணம் கிடையாது, பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான். டயாலிசிஸ், கீமோ எல்லாம் அதில் உண்டு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு இந்த அட்டையை நம்ப வேண்டாம். அதற்கு சேலம் மோகன் குமாரமங்கலம் ஜி.எச். ஓ.பி. வரிசைதான்.

வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். லூபஸ் வருவது பெரும்பாலும் இளம்பெண்களுக்கு. கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே கிடக்கும். புகுந்த வீட்டுக் காப்பீட்டு அட்டையில் பெயர் இருக்காது. அட்மிஷன் அன்று இதற்காக இரண்டு வீட்டாரும் ஓடுவதைவிட, சிறுநீரில் புரதம் என்று ரிப்போர்ட் வந்த அன்றே பெயரை மாற்றிவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணமில்லாத எண்.

சரி, டயாலிசிஸ் வரை போய்விட்டால்? ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வாரம் மூன்று முறை 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது நல்ல உடம்புக்கே தலைசுற்றும். வயிற்றுக்குள் திரவம் விட்டு வடிக்கும் இன்னொரு முறை இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். அதற்கான பைகளை 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் வீட்டுக்கே தருகிறது. எல்லோருக்கும் ஒத்துவராது, கை சுத்தம் முக்கியம். ஆனாலும் மலைக்காரர்கள் டாக்டரிடம் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

அப்புறம், டயாலிசிஸுக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ வேலூர், சென்னை போகிறவர்களுக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பரில் சிறுநீரக நோயாளிக்கு 75 சதவீதம் தள்ளுபடி, புற்றுநோயாளிக்கு முழுவதும். ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் சான்று வாங்கி, ஸ்டேஷன் கவுன்ட்டரில் காட்ட வேண்டும்.