கடுக்காய் ஏந்திய புத்தர்

நேபாளத்தின் பாட்டன் நகரில் ஓகு பகால், மகாபௌத்தம் பக்கத்துச் சந்துகளில் நடந்தால் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நேவார் இனத்துச் சாக்கியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் புத்தர் சிலை வார்க்கும் இடம் அது. 13ஆம் நூற்றாண்டில் இந்தக் காத்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்து போன அர்நிகோ என்ற கலைஞர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவை வரை உயர்ந்தார். பெய்ஜிங்கில் 1279இல் முடிந்த வெள்ளைத் தூபி அவர் கட்டியதுதான். திபெத்திய மடங்கள் பல இன்றும் பாட்டனில் சிலை சொல்லி வாங்குகின்றன. நோய் தீர வேண்டி வணங்கப்படும் பைஷஜ்ய குரு, அதாவது மருத்துவ புத்தர், அவற்றில் முக்கியமானவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். வலது கை முழங்கால் மேல் நீண்டு, உள்ளங்கை நம்மைப் பார்த்தபடி ஒரு சிறு மரக்கொம்பைப் பிடித்திருக்கும். அந்தக் கொம்பில் காய்த்திருப்பது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி வரை வந்த கடுக்காய்! திபெத்திய மருத்துவம் அதை மருந்துகளின் அரசன் என்கிறது. இடது கை தியான நிலையில், மடியில் மருந்துக் கிண்ணத்தோடு இருக்கும். ஓவியங்களில் உடல் முழுவதும் லாபிஸ் லாசுலி கல்லின் ஆழ்நீலம். உலோகச் சிலையில் உடல் பொன்னாகிவிடும், நீலம் தலைமுடியில் மட்டும் பூசப்படும்.

அப்புறம், காயைக் கொடுக்கும் கை ஒன்று, தியானத்தில் இருக்கும் கை ஒன்று என்ற அமைப்புக்குக் காரணம் இருக்கிறது. திபெத்திய மருத்துவத்தில் ஆசை வாதத்தையும், சினம் பித்தத்தையும், அறியாமை கபத்தையும் கெடுக்கும். உடம்புக்கு மருந்து, அதன் வேருக்குத் தியானம். கொம்பும் கிண்ணமும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமை.

சரி, சிலை எப்படி உருவாகிறது? முதலில் மெழுகு. தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து, கரி அடுப்பு வெப்பத்தில் இளக்கி, எருமைக் கொம்பில் சீவிய கருவியால் உருவம் பிடிக்கிறார்கள். குங்கிலியம் மெழுகுக்கு விறைப்பைக் கொடுக்கும். சுவாமிமலை ஸ்தபதிகளும் இதே கலவையைத்தான் கையாள்கிறார்கள். ஆனால் அங்கே சிலை கனமாக, உள்ளே இடமின்றி வார்க்கப்படும். பாட்டனில் உள்ளீடற்ற கூடாக வார்ப்பார்கள். உலோகம் மிச்சமாவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சிலை முடிந்தபின் அந்தக் கூட்டுக்குள் மந்திரச் சுருள்கள், தானியம், மூலிகை, நடுவே ஒரு மரத்தண்டு ஆகியவற்றை வைத்து, அடியைச் செப்புத் தகட்டால் மூடுவார்கள். அது நடக்காத சிலையை வழிபாட்டுக்கு உரியதாகக் கருதுவதில்லை.

மெழுகுக் கூட்டின் உள்ளும் புறமும் களிமண் ஏறுகிறது. முதல் பூச்சு சாணம் கலந்த நைஸான மண். விரல் ரேகை வரை பதியும். மேலே வரும் பூச்சுகளில் உமி கலந்திருக்கும். சூளையில் உமி எரிந்துபோய் நுண்துளைகள் மிஞ்ச, வார்க்கும்போது காற்று அவற்றின் வழியே தப்பிக்கும். மெழுகு உருகி ஓடியபின் உள்மண் சாய்ந்துவிடாமல் இருக்க முன்கூட்டியே ஆணிகள் குத்தி வைப்பார்கள். உலோகம் ஊற்றும்போது அச்சும் நன்றாகச் சூடாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சில மில்லிமீட்டர் இடைவெளியில் உலோகம் பாதி வழியிலேயே உறைந்துவிடும்.

ஊற்றுவது ஏறக்குறைய சுத்தமான செம்பு. வார்ப்புக்கு இது தொல்லை பிடித்த உலோகம். 1085 டிகிரி செல்சியஸில்தான் உருகும். உருகியபின் வாயுக்களை உறிஞ்சி, உறையும்போது குமிழிகளாகக் கக்கும். கொஞ்சம் வெள்ளீயமோ காரீயமோ சேர்த்தால் எளிதாக ஓடும். தெரிந்தும் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அடுத்து வரும் தங்கப்பூச்சுக்குச் செம்புதான் ஒத்துவரும். காரீயம் பாதரசத்தில் சுலபமாகக் கரைந்து பூச்சில் கறையாக எழும். பூச்சுக்காக வார்ப்பின் கஷ்டத்தை ஏற்றுக்கொள்ளும் இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். வார்ப்பில் விழுந்த ஓட்டைகளைச் செம்புத் துண்டு வைத்து அடைத்து, ஆடை மடிப்புகளை உளியால் செதுக்கிச் சீராக்கவே பல வாரங்கள் ஓடிவிடும்.

தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய் மாதிரி ஒரு பசை கிடைக்கும். துலக்கிய செம்பில் அதைத் தடவிச் சூடுகாட்டுவார்கள். பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகும். வெள்ளிச் சாம்பல் நிறம் மெல்ல மங்கி மஞ்சள் எழும். தங்கம் வெறுமனே ஒட்டிக்கொள்வதில்லை. எல்லையில் செம்பும் தங்கமும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் பிணைகின்றன. அதனால்தான் சில மைக்ரான் படலம் நூற்றாண்டுகள் தாங்குகிறது. படலத்தில் மிச்சமிருக்கும் சிறிதளவு பாதரசத்தைக் கண்டுபிடித்துத்தான், பழைய சிலை இம்முறையில் பூசப்பட்டதென்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் உறுதிசெய்கிறார்கள். பிறகு அகேட் கல்லால் தேய்க்கத் தேய்க்க, மங்கலான பரப்பு அமுங்கிப் பளபளக்கும். முகத்துக்கு மட்டும் பசையில் குழைத்த பொன்தூள். அதைத் தேய்த்து மினுக்குவதில்லை.

அந்தப் பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் போவதில் ஏறத்தாழ 80 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும். அங்கிருந்து மூளைக்குப் போகும், சிறுநீரகத்தில் தங்கும். கை நடுக்கம் அதன் தெரிந்த அறிகுறி. கையை நம்பிப் பிழைக்கும் சிற்பிக்கு அதைவிடக் கொடியது இல்லை. நோய் தீர்க்கும் புத்தரைச் செய்பவர் நோயாளியாவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். மின்முலாம் ஒரு மாற்றுதான், ஆனால் பொதுவாக அதன் படலம் மெல்லியது, செழிப்பான பொன்னிறமும் வராது. பாதரச முறையையே வைத்துக்கொள்வதானால், மூடிய கூண்டுக்குள் வைத்துச் சூடுகாட்டி, ஆவியைக் குழாய்வழி இழுத்துக் குளிர்வித்தால் பாதரசம் மறுபடி திரவமாகத் திரும்பி வரும், திரும்பவும் பயன்படுத்தலாம். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை, பணம் தேவை. அந்தச் செலவைச் சிலையின் விலையில் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் வாங்குகிற மடங்களும் பக்தர்களும்தான்.