கலைக்கான மானியத்தில் மட்டும் ஏன் முதலில் கை வைக்கிறார்கள்?

உள்ளாட்சி அமைப்புகளின் பட்ஜெட்டும் தணிக்கையும்தான் என் தொழில். நகரத்தில் நிதி நெருக்கடி என்ற பேச்சு வந்ததும் நாடகக் குழு, இசைக் குழு, அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் போகிற மானியம் குறையும். உடனே 'ஆட்சியில் இருப்பவர்களுக்கு ரசனை கிடையாது' என்று ஒரு கோபம் கிளம்பும். ரசனை இல்லாதவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் உட்கார்ந்திருந்த பட்ஜெட் கூட்டங்களில் யாரும் ரசனையைப் பற்றிப் பேசி வெட்டியதில்லை. அந்தச் செலவு எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் வெட்டினார்கள்.

முதலில் கொடுத்தே தீர வேண்டியவற்றை எழுதுவார்கள். சம்பளம், ஓய்வூதியம், வாங்கிய கடனுக்கு அசலும் வட்டியும், ஒப்பந்தம் போட்டுவிட்ட குப்பை அள்ளும் வேலை, சட்டம் கட்டாயப்படுத்தும் சேவைகள். பெரும்பகுதி இதிலேயே போய்விடும். மிச்சமிருக்கிற சில தலைப்புகளில்தான் பூங்கா, நூலக நேரம், விழாக்கள், கலை மானியம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதிலும் கலை மானியத்தை வெட்டுவது ரொம்ப வசதி. நகராட்சி ஊழியர் யாரும் வேலை இழக்க மாட்டார், தொழிற்சங்கம் வாசலில் வந்து உட்காராது, ஒப்பந்ததாரர் வழக்குப் போட மாட்டார். 'இந்த ஆண்டு வழங்க இயலவில்லை' என்று ஒரு கடிதம் போனால் வேலை முடிந்தது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இது அப்பட்டமாகவே நடந்தது. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போட்ட வழக்குகளால் சேர்ந்த பாக்கி ஒரு பக்கம், செலவு கைமீறிப்போன கணினித் திட்டம் இன்னொரு பக்கம். 2023 செப்டம்பரில் மாநகராட்சி, செலவைச் சமாளிக்க வரவு போதாது என்று சொல்லும் 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. அந்த அறிவிப்பு வந்துவிட்டால் சட்டம் கட்டாயப்படுத்தாத புதுச் செலவு எதையும் செய்ய முடியாது. அடுத்த பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் சுமார் 30 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. நகரின் சிம்பொனி இசைக்குழு, ரெப் நாடக அரங்கு, ஐகான் கலைக்கூடம் உள்ளிட்ட அமைப்புகளுக்கான மானியம் 2024-25இல் பாதி, 2025-26இல் பூஜ்யம் என்று முடிவானது. அந்த 30 கோடியில் கலை மானியம் ஒரு சிறு துணுக்குதான். நகரம் நொடித்ததற்கும் கலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் முழுசாகத் துடைக்கப்பட்ட தலைப்புகளில் அதுவும் ஒன்று.

சரி, துணுக்குதானே, போனால் போகட்டும் என்று கேட்கலாம். இந்த இடத்தில் ஒரு சிறிய குழுவின் கணக்கைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பேச்சுக்கு, ஒரு நாடகக் குழுவின் வரவில் நூற்றில் இருபது பங்கு நகராட்சி மானியம் என்று வைத்துக்கொள்வோம். மீதி எண்பது டிக்கெட், பயிற்சி வகுப்புக் கட்டணம், ஒரு அறக்கட்டளையின் நிதி, இரண்டு மூன்று புரவலர்கள். அறக்கட்டளையின் கடிதத்தை எடுத்துப் படித்தால், 'இதற்கு இணையான உள்ளூர் நிதி இருக்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனை இருக்கும். அந்த உள்ளூர் நிதி இந்த இருபதுதான். அது போனால் அறக்கட்டளைப் பணமும் கூடவே போகும். புரவலரும் 'நகராட்சியே கைவிட்டுவிட்டதா, அப்படியானால் ஏதோ பிரச்சினை போல' என்று யோசிக்க ஆரம்பிப்பார். நகராட்சிக்கு மிச்சமாவது இருபது, குழுவுக்கு இழப்பு ஐம்பது அறுபதுவரை போகலாம். இந்தக் கணக்கு பட்ஜெட் அறிக்கையில் எங்கேயும் வராது, ஏனென்றால் அது நகராட்சியின் பணம் இல்லையே.

டிக்கெட் விலையை ஏற்றிச் சமாளிக்கக் கூடாதா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். 1966லேயே வில்லியம் பாமால், வில்லியம் போவென் என்ற இரு பொருளியலாளர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்து ஒருவர் செய்யும் உற்பத்தி கூடுகிறது, அதற்கேற்ப ஊதியமும் கூடுகிறது. நால்வர் வாசிக்கும் இசைக்கு இன்றும் நால்வர் வேண்டும், அதே நேரமும் வேண்டும். ஆனால் ஊதியம் மட்டும் ஊரோடு சேர்ந்து ஏறும். அதனால் மேடைக் கலைகளில் வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி நிர்வாகக் கோளாறால் வருவதில்லை, அது அந்தத் தொழிலின் இயல்பு.

எவ்வளவு வெட்டுகிறார்கள் என்பதைவிட எப்போது சொல்கிறார்கள் என்பதுதான் பல குழுக்களை மூடவைக்கிறது. பெர்லின் 2025ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் கலாசாரத்துக்கு மட்டும் சுமார் 13 கோடி யூரோ குறைத்தது. அது நிறைவேறியது 2024 டிசம்பரில், அதாவது புது ஆண்டு பிறக்க இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில். நாடக அரங்குகள் அடுத்த பருவத்துக்கான கலைஞர்களை ஓராண்டு, இரண்டாண்டு முன்னாலேயே ஒப்பந்தம் செய்துவிடும். அரங்கு வாடகை, முன்பணம் எல்லாம் போயிருக்கும். இரண்டு வாரத்தில் அவர்கள் எதைத்தான் குறைப்பது? நகரத்திடம் உண்மையிலேயே பணம் இல்லையென்றால் மானியத்தைக் குறைப்பதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு மாதம் முன்னால் சொல்லிவிட்டு, படிப்படியாகக் குறைக்கட்டும். ஒரே ஆண்டில் பூஜ்யமாக்குவது சிக்கனம் ஆகாது, அப்படி மூடிய அமைப்பை மறுபடி கட்டியெழுப்ப அதைவிட அதிகம் செலவாகலாம்.

இன்னொரு குழப்பம் கட்டடம். ஒரு பக்கம் குழுக்களுக்கு மானியம் இல்லை, இன்னொரு பக்கம் புது அரங்குக்கு அடிக்கல். மக்கள் கொதிப்பது நியாயம்தான், ஆனால் அடிக்கல் மூலதனக் கணக்கில், அதாவது நீடித்து நிற்கும் சொத்துகளுக்கான கணக்கில், கடன் வாங்கிச் செய்வது; மானியம் வருவாய்க் கணக்கில், அதாவது அன்றாடச் செலவுக்கான கணக்கில், வருவது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றப் பெரும்பாலும் விதிகள் இடம் தராது. அந்த அரங்கைத் திறந்த பிறகு விளக்கு, குளிர்சாதனம், காவலாளி சம்பளம் எல்லாம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று அடிக்கல் நாட்டும் முன்பே கேளுங்கள். பல நேரம் பதில், ஏற்கெனவே மெலிந்துபோன அதே கலைத் தலைப்பாகத்தான் இருக்கும்.

அப்படியானால் எளிதில் வெட்டக்கூடிய அந்த பட்ஜெட் தலைப்புகளிலிருந்தே கலையை வெளியே எடுத்துவிட முடியாதா? சில ஊர்கள் செய்திருக்கின்றன. அமெரிக்காவின் டென்வர் வட்டாரத்தில் 1988இல் மக்கள் வாக்களித்து, 10 டாலர் விற்பனைக்கு ஒரு சென்ட் கலை, அறிவியல் அமைப்புகளுக்கு என்று தனி வரி வைத்துக்கொண்டார்கள். டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்துக்காக 2012இல் அந்த வட்டாரத்தின் மூன்று கவுன்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) சொத்துவரியில் சிறு கூடுதலுக்கு ஒப்புக்கொண்டன, பதிலுக்கு அங்கே வசிப்பவர்களுக்கு அனுமதி இலவசம். அடுத்த ஆண்டே டெட்ராய்ட் நகரம் திவாலானது. அருங்காட்சியகத்தின் ஓவியங்களை விற்றுக் கடனை அடைக்கலாமா என்ற பேச்சு எழுந்து, நகரப் பணத்தில் வாங்கியவற்றை மதிப்பிட்டபோது 45.4 கோடி முதல் 86.7 கோடி டாலர்வரை வந்தது. கடைசியில் அறக்கட்டளைகளும் மாநில அரசும் நன்கொடையாளர்களும் 80 கோடி டாலருக்கு மேல் திரட்டி ஓய்வூதிய நிதிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஓவியங்கள் நகரத்தின் கையிலிருந்து ஒரு தனி அறக்கட்டளையின் பெயருக்கு மாறின. ஓய்வூதியமா ஓவியமா என்று அங்கே கேட்ட கேள்வி அநாகரிகமானது என்று எனக்குத் தோன்றவில்லை. ஓய்வுபெற்ற ஊழியருக்கு அது சோற்றுப் பிரச்சினை.

தனி வரி வந்தால் கவலை விட்டது என்றும் நினைத்துவிட வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டல் வரியில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க 2018இல் மக்கள் வாக்களித்தார்கள். 2020இல் பெருந்தொற்று வந்து ஓட்டல்கள் காலியானதும் அந்த வரவும் சரிந்தது, அதுவும் அரங்குகள் பூட்டிக் கிடந்த அதே நேரத்தில். தனி வரி வைத்தால் கூடவே ஒரு இருப்பு நிதியும் வைக்க வேண்டும். நல்ல ஆண்டில் அதை யாரும் கேட்பதில்லை.

அப்புறம், 'கலையில் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஊருக்கு இத்தனை ரூபாய் திரும்பும்' என்ற அறிக்கைகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். விளையாட்டு மைதானக்காரரும் அதே மாதிரி ஒன்றை வைத்திருப்பார், நிதிப்பிரிவில் இருப்பவர்கள் இரண்டையும் நம்ப மாட்டார்கள். போன மானியத்தில் எத்தனை நிகழ்ச்சி, யார் வந்தார்கள், இது நின்றால் வேறு எந்தப் பணம் நிற்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கவுன்சிலரிடம் கொடுத்தால் மட்டும் போதாது, நிதிப்பிரிவில் அந்தத் தலைப்பைப் பார்க்கும் அலுவலரிடமும் கொடுங்கள்.

தேதியையும் பாருங்கள். நிதியாண்டின் பிற்பாதியில், அந்த ஆண்டின் வரவு செலவை மறுபடி கணக்கிடும் திருத்திய மதிப்பீடு தயாராகும்போது, செலவாகாத தொகையை ஒவ்வொரு துறையிடமும் கேட்டு வாங்குவார்கள். முதல் தவணைப் பணத்தை எதற்குச் செலவழித்தீர்கள் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை நீங்கள் அதற்குள் கொடுக்காவிட்டால், இரண்டாம் தவணை வெளிவராது. வெளிவராத பணம் 'தேவைப்படாத தொகை' என்று கணக்கில் ஏறிவிடும், அடுத்த ஆண்டுக்கான பேச்சே அந்தக் குறைந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.