பந்து விழுவதற்குள் ஏன் என் முகத்தைப் பார்க்கிறாய்?

வாலிபால் சொல்லிக்கொடுக்கும் கோச், பி.இ.டி. மாஸ்டர் யாராக இருந்தாலும் நாளைக்கு கிரவுண்டில் ஒன்றைக் கவனியுங்கள். சர்வீஸ் போட்டதும் பிள்ளையின் கண் எங்கே போகிறது? பந்து நெட்டைத் தாண்டும் முன்பே உங்கள் பக்கம் திரும்பிவிட்டால், நீங்கள் அளவுக்கு மீறிப் பேசுகிறீர்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது சொல்லியாக வேண்டும், "டாஸ் பின்னாடி போகுது" (அடிப்பதற்காகப் பந்தை மேலே போடுவதுதான் டாஸ்), "முழங்கையைத் தூக்கு", "மணிக்கட்டை மடக்காதே" என்று, தொண்டை கட்டினால்தான் அன்றைக்கு வேலை பார்த்த திருப்தி. பயிற்சியில் பத்துக்கு எட்டு உள்ளே விழும். அப்புறம் ஒரு போட்டியில், எங்கள் டீமில் நன்றாகச் சர்வீஸ் போடும் பெண்ணே முதல் பந்தை நெட்டில் அடித்துவிட்டு என்னைத் தேடினாள். ஒரே கூச்சல், நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. சுற்று முடிந்து மறுபடி அவள் முறை வந்தது. விசில் ஊதினால் 8 நொடிக்குள் அடித்தாக வேண்டும், அந்த 8 நொடியும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து மறுபடி நெட்டில்.

ஆட்டக்காரருக்குப் பின்னூட்டம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, அவர் உடம்பே சொல்வது: உள்ளங்கையில் பந்து பட்ட இடம், அந்தச் சத்தம், தோள் சுழன்ற விதம், பந்து போய் விழுந்த இடம். இன்னொன்று வெளியிலிருந்து வருவது, அதாவது நாமும் நம் செல்போன் வீடியோவும். இதிலும் இரண்டு உண்டு. "அரை அடி அவுட்" என்பது விளைவைச் சொல்வது, "டாஸ் தாழ்வாக இருந்தது" என்பது அசைவைச் சொல்வது. முதலாவதை நாம் பெரும்பாலும் வீணாகத்தான் சொல்கிறோம், பந்து நெட்டில் பட்டதை அவளும்தானே பார்த்தாள்!

வெளியிலிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் உள்ளே இருந்து வருவதைக் கவனிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. 1990இல் வின்ஸ்டீன், ஷ்மிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னூட்டம் பெற்றவர்களைவிட, பாதிக்கு மட்டும், அதுவும் போகப்போகக் குறைத்துப் பெற்றவர்கள் பிறகு வைத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். பயிற்சி நேரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் இத்தனை வருடம் நாமும் ஏமாந்தோம்.

இப்போது நான் செய்வது இதுதான். நெட்டுக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஒரு தேங்காய் நார்க் கயிறு கட்டிவிடுகிறேன், பந்து அந்த இடைவெளியில் போக வேண்டும். போனதா இல்லையா என்பதைக் கயிறே சொல்லிவிடும், நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து சர்வீஸ் முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன் (இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்). பிறகும் முதலில் கேள்விதான்: "கையில எங்க பட்டுச்சு?"

"விரல்ல சார்."

"ஃப்ளோட்டுக்கு எங்க படணும்?"

ஃப்ளோட் என்றால் பந்து சுழலாமல் போகும் சர்வீஸ். உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டுவாள். அவ்வளவுதான், அடுத்த ஐந்துக்குப் போய்விடலாம். அவளே பிடித்துவிட்ட தப்பை நான் ஏன் இன்னொரு முறை சொல்ல வேண்டும்? சின்னச் சின்னப் பிசகுகளையும் விட்டுவிடுகிறேன். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் வாயைத் திறப்பேன்.

திறக்கும்போதும் வார்த்தை முக்கியம். 2002இல் உல்ஃபும் அவருடைய குழுவினரும் வாலிபால் சர்வீஸை வைத்தே ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவிடம் மணிக்கட்டை எப்படி அசைக்க வேண்டும் என்றார்கள், இன்னொரு குழுவிடம் கையில் ஒரு கிண்ணம் இருப்பதாக நினைத்துப் பந்தை அதால் கவ்வி முன்னோக்கிச் சுழல விடு என்றார்கள். இரண்டாவது குழுவுக்குத்தான் குறி நன்றாக அமைந்தது, புதிதாகக் கற்றவர்களுக்கும் சரி, அனுபவம் உள்ளவர்களுக்கும் சரி. கையைப் பற்றி நினைக்காமல் பந்தைப் பற்றி நினைக்க வைத்ததுதான் வேறுபாடு.

எல்லாவற்றுக்கும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. முதல் நாள் வந்த பிள்ளைக்கு நிறையச் சொல்லத்தான் வேண்டும், நாள் போகப்போகக் குறைத்தால் போதும். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கினாலோ தோள் வலிக்கிறது என்றாலோ ஐந்து பந்து முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

அப்புறம், வேலியோரம் நிற்கும் அப்பாக்களுக்கு. "கையை நேரா வை" என்று நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கத்தினால் பிள்ளைக்கு எது காதில் ஏறும்? ஒரு அப்பா நேராகவே கேட்டார், "சார் சும்மா நிக்கிறதுக்கா ஃபீஸ் கட்றோம்?" பதில் சொல்லாமல் அவர் பெண்ணைக் கைகாட்டினேன். சர்வீஸ் போட்டுவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லவா?" என்று கேட்டேன். "இருங்க சார், இன்னும் ரெண்டு போட்டுக்கிறேன்" என்றாள்.