கிரிம்பிங்: நெளிப்பதா, அமுக்குவதா?

தொலைபேசி ஒயரின் நுனியில் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பிளக்கை மாட்டி இறுக்குவதைக் கடையில் 'கிரிம்ப் பண்றது' என்பார்கள். கருவி கிரிம்பிங் டூல். 'கிரிம்ப்' என்ற ஆங்கிலச் சொல் டச்சு, ஜெர்மன் சொற்களுக்குச் சொந்தம். டச்சில் 'கிரிம்பன்' என்றால் சுருங்குதல்; துவைத்த துணி சுருங்கினாலும் இன்றுவரை அதே சொல்தான். முடியை அலையலையாக நெளிப்பது, உலோகக் குழலை ஒயர்மேல் நசுக்கி இறுக்குவது எல்லாம் ஆங்கிலக் 'கிரிம்ப்'புக்குள் அடங்கும்.

அகராதியைப் பார்த்து 'நெளித்தல்' என்று போட்டால் முடிக்குச் சரி, பிளக்குக்கு ஆகாது. இங்கே ஒயர் நெளிவதே இல்லை. ஆர்ஜே 11 எனப்படும் இந்தத் தொலைபேசி பிளக்குக்குள் தங்கமுலாம் பூசிய குட்டித் தகடுகள் மேலே தூக்கி நிற்கும். டூலை அழுத்தினால் அவை இறங்கி, உள்ளொயரின் உறையைக் குத்திக்கொண்டு போய்ச் செம்பைத் தொடும். அதனால் உள்ளொயரைச் சீவ வேண்டியதில்லை. வெளியுறையை உரித்தால் போதும். அதே அழுத்தில் பிளக்கின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கட்டை மடங்கி வெளியுறையைக் கவ்விக்கொள்ளும். உறையை அதிகமாக உரித்துவிட்டால் கட்டைக்குக் கவ்வ எதுவும் இருக்காது, ஒருமுறை இழுத்தாலே ஒயர் கையோடு வரும். 1970களில் அமெரிக்கத் தொலைபேசிகளில் பரவிய இந்த அமைப்பின் கெட்டிக்காரத்தனமே ஒரே அழுத்தில் நடக்கும் இந்த இரண்டு வேலைகள்தான்.

ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு தகடாகத் தட்டி இறக்குகிறவர்களும் உண்டு. ஒரு தகடு அரைகுறையாக நின்றாலும் லைன் கரகரக்கும். மேலே துருத்தும் தகடு சாக்கெட்டின் ஸ்பிரிங் கம்பியை வளைத்தும் விடும். நல்ல டூல் எல்லாத் தகடுகளையும் ஒரே ஆழத்துக்கு இறக்கும். ராட்செட் வைத்ததாக இருந்தால், முழுசாக அழுத்தும்வரை பிடி திறக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நெரித்தல்' என்றால் கழுத்துதான் நினைவுக்கு வருகிறது. 'கவ்வுதல்' பின்கட்டையின் வேலையை மட்டும் சொல்லும். 'அமுக்கிப் பொருத்துதல்' இரண்டையும் சொல்லிவிடுகிறது. கருவிக்கு 'அமுக்குக் குறடு' என்பது என் தேர்வு. குறடு தமிழ்ப் பட்டறையில் ஏற்கெனவே புழங்கும் சொல், புதிதாகக் கற்றுத்தர வேண்டாம். நெட்வொர்க் கேபிளின் எட்டு முனை பிளக்குக்கும் இதே பெயர் பொருந்தும். சுவர்ப்பெட்டிக்குள் ஒயரைக் குத்தி இறக்கும் பஞ்ச் டவுன் வேறு வேலை. அந்தக் கருவியைக் குறடு என்று சொல்ல முடியாது.