மாகாணிக்குள் ஒரு கூட்டல்

மாகாணி என்ற பழைய அளவின் பெயரிலேயே ஒரு பின்னக் கணக்கு இருக்கிறது. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டும் சேர்ந்தால் 1/16. எப்படி? ஒரு மாவுக்கு நான்கு காணி. கூட ஒன்றைச் சேர்த்தால் ஐந்து காணி, அதாவது 5/80. ஐந்தால் சுருக்கினால் 1/16. காணியாலேயே இரண்டையும் அளந்துவிட்டதால் கூட்டல் எளிதாகிவிட்டது.

இனி ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திங்களன்று தோட்டத்தில் 1/3 பங்கு பழம் பறித்தாயிற்று, செவ்வாயன்று 2/5 பங்கு. மீதி எவ்வளவு? தோட்டத்தில் 15 வரிசைச் செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3, 5 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச்சிறிய எண் 15. மூன்றில் ஒரு பங்கு 5 வரிசை, ஐந்தில் இரண்டு பங்கு 6 வரிசை. பறித்தது 11/15, மீதி 4/15.

பிள்ளைகள் பலர் மேலே 1+2, கீழே 3+5 என்று கூட்டி 3/8 என்பார்கள். உடனே சுழித்துவிடாதீர்கள். செவ்வாய் பறித்தது மட்டுமே 2/5, அதாவது 0.4. 3/8 என்பது 0.375. இரண்டு நாள் வேலை ஒரு நாள் வேலையைவிடக் குறையுமா? இதைக் கேட்டாலே பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். இன்னொரு தவறு, பகுதியை (கீழ் எண்ணை) 15 ஆக்கிவிட்டுத் தொகுதியை (மேல் எண்ணை) அப்படியே விடுவது: 1/15 + 2/15. இது வெறும் மூன்று வரிசை.

பகுதிகளைப் பெருக்கினாலும் விடை வரும், வேலைதான் கூடும். ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற 3/4 மணி நேரம், பேருந்தைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடக்க 1/6 மணி நேரம் என்றால், 24-ஐப் பகுதியாக்கினால் 18/24 + 4/24 = 22/24; பிறகு சுருக்க வேண்டும். மீச்சிறு பொது மடங்கு 12-ஐ எடுத்தால் 9/12 + 2/12 = 11/12. நிமிடத்தில் சரிபாருங்கள்: 45 + 10 = 55.

வாக்கியக் கணக்கில் அதிகம் ஏமாற்றுவது, முழுமை வேறாக இருப்பதுதான். 40 சேலம் குண்டு மாம்பழம் உள்ள கூடையில் பாதியும், 24 பழக் கூடையில் கால்வாசியும் விற்றால் 1/2 + 1/4 = 3/4 என்று எழுதக் கை துடிக்கும். விற்றதோ 20 + 6 = 26; மொத்தம் 64-இல் அது 13/32, பாதிகூட இல்லை.