கணக்கு வராது, அதனால் பயோடெக்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு என் லேபில் இடம் கேட்டு மாணவர்கள் வரும் காலம் இது. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். 1 மோலார் செறிவில் ஸ்டாக், அதாவது அடர்கரைசல், இருக்கிறது; 10 மில்லிமோலாரில் (மோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோலார்) 10 மில்லிலிட்டர் வேண்டும், ஸ்டாக்கிலிருந்து எவ்வளவு எடுப்பாய்? விடை 100 மைக்ரோலிட்டர். ஸ்டாக்கை நூறு மடங்கு நீர்க்க வேண்டும், 10 மில்லியில் நூறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளை விகிதக் கணக்காகப் போட்டுவிடும்.

முதல் வகுப்பில் தேறியவர்கள், பல்கலைக்கழக ரேங்க் வாங்கியவர்கள்கூட இந்த இடத்தில் தரையைப் பார்க்கிறார்கள். அதையாவது பதற்றம் என்று விட்டுவிடலாம். போன வாரம் வந்த ஒரு மாணவி பதற்றமே இல்லாமல் சொன்ன பதில்தான் என்னை எழுத வைத்தது: “மேம், நாங்க ப்யூர் சயின்ஸ் குரூப்.” அதாவது, கணக்கு எங்கள் பாடத்திலேயே இல்லையே, எங்களிடம் போய் இதைக் கேட்கிறீர்களே என்று அர்த்தம்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. கணக்கு பிடிக்காத பிள்ளைக்கு இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். நீட் எழுதிப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் பயோடெக். பெற்றோர் என்னிடமே வந்து, “அவனுக்குக் கணக்கு வராது மேடம், அதான் பயோடெக்ல சேத்துட்டோம்” என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். சொந்தக்காரர், டியூஷன் ஆசிரியர், சில கல்லூரிகளின் அட்மிஷன் மேசையில் உட்கார்ந்திருப்பவர் என்று எல்லோரும் அதற்குத் தலையாட்டியிருப்பார்கள். படம் வரைந்து, பாகம் குறித்து, மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் வரும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த உயிரியல்.

செல் உயிரியலும் மூலக்கூறு உயிரியலும் அப்படி வளர்ந்த துறைகள் அல்ல. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1943இல் லூரியா, டெல்புரூக் என்ற இரு விஞ்ஞானிகள் பாக்டீரியாவில் ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள். வைரஸ் தாக்கிய பிறகு அதைச் சமாளிக்கத்தான் பாக்டீரியாவில் திடீர்மாற்றம் வருகிறதா, அல்லது வைரஸ் வருவதற்கு முன்பே தற்செயலாக வந்திருக்கிறதா? தனித்தனியாக வளர்த்த பல குழாய்களிலிருந்து பாக்டீரியாவை வைரஸ் உள்ள தட்டில் பரப்பி, தப்பிப் பிழைத்து வளர்ந்த காலனிகளை (பாக்டீரியாக் கூட்டங்களை) எண்ணினார்கள். சில தட்டுகளில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் ஏராளம். வைரஸைச் சந்தித்த பிறகு வந்த மாற்றம் என்றால் எல்லாத் தட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்திருக்க வேண்டும். சராசரியைவிட பரவற்படி (எண்ணிக்கை தட்டுக்குத் தட்டு எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) மிகப் பெரிதாக இருந்ததே, மாற்றம் முன்பே வந்துவிட்டது என்பதற்குச் சான்று. டிஎன்ஏவின் வடிவம் தெரிவதற்குப் பத்தாண்டு முன்பு, மைக்ரோஸ்கோப்பில் எதையும் பார்க்காமல், வெறும் எண்ணிக்கையை வைத்துச் செய்த வேலை. 1969இல் ஹெர்ஷி என்ற இன்னொரு விஞ்ஞானியோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் கிடைத்தது.

நம்மூரையே எடுத்துக்கொள்ளுங்கள். புரதம் படிக்கிற எல்லோரும் ராமச்சந்திரன் வரைபடத்தைத் தேர்வில் வரைகிறார்கள். ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்தவர். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட அந்தப் படம், புரதச் சங்கிலியில் எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும் என்று கணக்கிட்டு வந்தது. நம் மாணவர்கள் அதில் ஆல்ஃபா ஹெலிக்ஸ், பீட்டா ஷீட் என்று அழகாக நிழல் தீட்டுகிறார்கள். இரண்டு அச்சிலும் இருப்பது என்ன என்று வைவாவில் கேட்டால் பதில் வராது. இரண்டுமே கோண அளவுகள், மைனஸ் 180 டிகிரியிலிருந்து பிளஸ் 180 வரை.

‘அதெல்லாம் ஆராய்ச்சியாளர்களுக்கு, எங்களுக்கு எதற்கு’ என்பவர்களுக்காக ஒரு சின்ன சம்பவம். ஒரு மாணவிக்குப் பிசிஆர், அதாவது ஒரு டிஎன்ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் வினை, வரவே இல்லை. டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் லேடர் (அளவு தெரிந்த டிஎன்ஏ) மட்டும் பளிச்சென்று தெரியும், மற்ற லேன் (வரிசை) எல்லாம் இருட்டு. பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) மாற்றினாள், டெம்ப்ளேட்டை (நகலெடுக்க வேண்டிய டிஎன்ஏ) புதிதாக எடுத்தாள், நகலெடுக்கிற டாக் என்சைம் கெட்டுவிட்டது என்று வேறு வாங்க வைத்தாள், பிரைமர் ஒட்டும் அனீலிங் வெப்பநிலையை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். செமஸ்டரில் பாதி போய்விட்டது. கடைசியில் விசாரித்தால், கம்பெனி கொடுத்த மக்னீசியம் குளோரைடு குப்பி தீர்ந்துபோனதால் தானே தயாரித்திருக்கிறாள். நோட்டைப் புரட்டினேன். மூலக்கூறு எடை 95.21 என்று எழுதியிருந்தது. கூகுளில் பார்த்தது. அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து லேபிளைக் காட்டினேன்: ஹெக்ஸாஹைட்ரேட், 203.30. ஒவ்வொரு மூலக்கூறோடும் ஆறு நீர் மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் நிறுத்துப் போட்டதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

விளைவு என்ன? வினையில் 1.5 மில்லிமோலார் இருப்பதாக அவள் நினைத்த மக்னீசியம் உண்மையில் 0.7 மில்லிமோலார்தான். டிஎன்ஏவைக் கட்டும் மூலப்பொருளான நான்கு டிஎன்டிபியும் தலா 0.2 மில்லிமோலார் என்றால் மொத்தம் 0.8. அவை மக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 0.7இல் 0.8ஐக் கழித்துப் பாருங்கள், என்சைமுக்கு என்ன மிஞ்சும் என்று. பிரைமர், டெம்ப்ளேட், என்சைம் எதிலும் ஒரு குறையும் இல்லை. அன்று மாலையே சரியான எடையில் தயாரித்தாள், மறுநாள் ஜெல்லில் பேண்ட் (டிஎன்ஏ பட்டை) வந்துவிட்டது. டாக் என்சைமுக்கு மக்னீசியம் துணைக்காரணி என்று தேர்வில் ஐந்து மார்க்குக்கு எழுதியவள்தான் அவள்.

பிசிஆர் என்றதும் இன்னொன்று. 30 சுற்று ஓடினால் ஒரு துண்டு எத்தனை ஆகும் என்று கேட்டால் 60 என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு; 2ஐ முப்பது தடவை பெருக்கினால் நூற்று ஏழு கோடியைத் தாண்டும், வினை முழுத் திறனோடு நடந்தால். கொரோனா காலத்தில் ஊரே சிடி வேல்யூ, அதாவது எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்படுகிறது என்ற எண், பேசியது ஞாபகம் இருக்கும். 25க்கும் 35க்கும் பத்துதானே வித்தியாசம் என்று பயோடெக் படித்த பிள்ளைகளே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து என்பது சுமார் ஆயிரம் மடங்கு.

ஜீனைக் குறிபார்த்து வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் பற்றிய செமினார்களிலும் இதே கதைதான். வெட்டும் இடத்துக்கு வழிகாட்டும் கைடு ஆர்என்ஏவில் இலக்கைத் தேடும் பகுதி ஏன் 20 எழுத்து, ஏன் 8 போதாது என்று கேட்டால், “புக்ல அப்படித்தான் இருக்கு மேம்” என்கிறார்கள். நான்கு எழுத்துகளில் 8 எழுத்துச் சரம் 65,536 விதமாகத்தான் அமையும். மனித ஜீனோமில் சுமார் 300 கோடி எழுத்துகள். அப்படியானால் எந்த 8 எழுத்துச் சரமும் தற்செயலாகவே பல்லாயிரம் இடங்களில் வந்து நிற்கும். 20 எழுத்து என்றால் விதங்களின் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடுகிறது. ஆஃப்-டார்கெட் (தவறான இடத்தில் வெட்டுவது) என்று ஸ்லைடில் எழுதுவதற்கு முன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டிருக்க வேண்டாமா?

அப்புறம் இந்த ‘என் ஈகுவல்ஸ் த்ரீ’, அதாவது சோதனையை மூன்று தடவை செய்ததாகச் சொல்வது. ஒரே ஃபிளாஸ்கில் வளர்த்த செல்லை மூன்று குழியில் போட்டு மூன்று ரீடிங் எடுத்து, சிதறலைக் காட்டும் எர்ரர் பார் போட்டு, வித்தியாசம் தற்செயல் அல்ல என்று காட்ட மேலே ஒரு நட்சத்திரமும் வைத்துவிடுகிறார்கள். அது மூன்று அல்ல, ஒன்று. அந்த மூன்று ரீடிங்கும் சொல்வது உங்கள் பிப்பெட் பிடித்த கை நடுங்கியதா இல்லையா என்பதை மட்டும்தான். வேறு நாளில், வேறு பேட்ச் செல்லில் மறுபடி செய்தால்தான் அடுத்த எண் சேரும்.

கணக்கைக் கண்டு ஒதுங்குவதற்கு எங்கள் கல்லூரிகளும் நல்ல வசதி செய்து வைத்திருக்கின்றன. நாற்பது பேருக்கு ஒரு ஜெல் டேங்க், டெமோ பார்த்துவிட்டு சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது. பரிசோதனைக்கு முந்தின நாளே ‘ரிசல்ட்’ எழுதி முடித்த ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பஃபரை (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) லேப் அசிஸ்டென்ட் தயாரித்து வைத்துவிடுவார். பாவம், அந்த வகுப்பிலேயே கணக்குப் போடத் தெரிந்தவர் அவர்தான். பிறகு ப்ராஜெக்ட் வரும்போது பயந்துபோய், பணம் கட்டினால் ஜெல் படத்தோடு பைண்டு செய்த தீசிஸே தருகிற இடங்களைத் தேடிப் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கால்குலேட்டரும் வருஷம் முழுக்கப் பால் பாக்கெட்டும் வாங்கலாம்.

நுழைவுத் தேர்வுகளும் இவர்களை விடுவதில்லை. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாளின் பாடத்திட்டத்தில் கணிதமும் இயற்பியலும் இருக்கின்றன. பயோடெக் முதுகலைச் சேர்க்கைக்கான கேட்-பி (GAT-B) தேர்வின் முதல் பகுதி பன்னிரண்டாம் வகுப்புத் தரத்தில் கணிதத்தையும் சேர்த்தே கேட்கிறது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் ஆசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸஸில் 200க்கு 100 மார்க் பார்ட் சி. அங்கே ஒரு சோதனையைக் கொடுத்து, முடிவு என்னவாக இருக்கும் என்று கேட்பார்கள். மனப்பாடம் அங்கே கொஞ்ச தூரம்தான் வரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் கால்குலஸ் புத்தகத்தைத் தேடி ஓட வேண்டாம். தினசரி லேபுக்குத் தேவையானது விகிதம், அடுக்கு, மடக்கை, சராசரி, திட்டவிலக்கம். இதில் பெரும்பகுதி பத்தாம் வகுப்பைத் தாண்டாது. பழகாததால் வந்த பயம்தான், புத்தி போதாமல் அல்ல.

என் லேபுக்கு வரும் மாணவர்களுக்கு நான் சொல்வது இவைதான். பாட்டிலைக் கையில் எடுக்காமல் மூலக்கூறு எடையை எழுதாதே. லேபிளில் ஹைட்ரேட் என்று இருக்கிறதா பார். மில்லியா மைக்ரோவா என்று ஒவ்வொரு வரியிலும் அலகை எழுது; அலகு இல்லாத எண்ணை என்னிடம் கொண்டு வராதே. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 260 நானோமீட்டர் ஒளியில் ஓடி (ஒளியை உறிஞ்சும் அளவு) ஒன்று என்றால் இரட்டை இழை டிஎன்ஏ மில்லிக்கு 50 மைக்ரோகிராம், சரி. ஆனால் ஐம்பது மடங்கு நீர்த்துவிட்டுத்தானே வைத்தாய், அந்த ஐம்பதால் யார் பெருக்குவது? தட்டில் 0.1 மில்லி பரப்பினால் பத்தால் பெருக்க மறக்காதே. அரை மைக்ரோலிட்டரைப் பிப்பெட்டில் எடுக்க முயலாதே, எல்லாக் குழாய்களுக்கும் சேர்த்து ஒரே கலவையாக மாஸ்டர் மிக்ஸ் போடு. விடை வந்ததும் ஒரு நிமிஷம் நின்று, இது நடக்கிற காரியமா என்று யோசி. ஒரு மில்லி கல்ச்சரில் 40 பாக்டீரியாதான் இருப்பதாக எழுதிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கலங்கலாக வளர்ந்திருக்கிற குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே!

பிப்பெட்டில் திருப்பி வைக்கும் எண் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், இது பாதுகாப்புச் சமாச்சாரம். பல பிப்பெட்டுகளில் பி20இல் (20 மைக்ரோலிட்டர் வரை எடுப்பது) 025 என்று வைத்தால் 2.5 மைக்ரோலிட்டர். அதே 025ஐ பி200இல் (200 வரை எடுப்பது) வைத்தால் 25. ஜெல்லில் டிஎன்ஏவை ஒளிர வைக்க, மில்லிக்கு 10 மில்லிகிராம் உள்ள எத்திடியம் புரோமைடு ஸ்டாக்கிலிருந்து 50 மில்லி ஜெல்லுக்குத் தேவை 2.5 மைக்ரோலிட்டர்தான். டிஎன்ஏவுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிற பொருள் அது, திடீர்மாற்றத்தைத் தூண்டக்கூடியது. பத்து மடங்கு போட்டுவிட்டு, “ஜெல் ஏன் மேம் இவ்வளவு பிரகாசமா இருக்கு” என்று வெறும் கையோடு தூக்கிக் காட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? கையுறை போடுங்கள். ஜெல்லைப் பார்க்கும் யுவி விளக்கு எரியும்போது, யுவியைத் தடுக்கும் முகத்தடுப்பு இல்லாமல் குனிந்து பார்க்காதீர்கள். போட்ட கையுறையோடு கதவுப் பிடியையும் செல்ஃபோனையும் தொடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் கணக்கு பிடிக்காது என்பதற்காக ப்யூர் சயின்ஸ் எடுத்தது தவறே இல்லை. அந்த குரூப்பிலிருந்து வந்து நன்றாக ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். “இனிமே உனக்குக் கணக்கே இல்லப்பா” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. பிராக்டிகல் தேர்வில் ரெக்கார்டுக்குக் கொடுக்கும் மார்க்கில் ஐந்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக மேசையில் பஃபர் தயாரிக்கும் டிரிஸ் பாட்டில், தராசு, காலி பீக்கர் மூன்றையும் வைத்து, 100 மில்லிக்கு அரை மோலார் தயாரிக்க எத்தனை கிராம் என்று ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் 121.14 என்று இருக்கும். 6.06 கிராம் வரவேண்டும். அடுத்தவருக்கு அளவை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வராந்தாவிலேயே விடை பரவிவிடும்.