கலைத்துறையில் எதைப் படிப்பது? விண்ணப்பத்துக்கு முன் கொஞ்சம் விசாரியுங்கள்

‘அறிவியல் பிரிவு கிடைக்காதவர்கள்தான் கலைத்துறைக்குப் போவார்கள்’ என்ற பேச்சு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்பூட்டில் இன்னும் ஓயவில்லை. பள்ளி ஆலோசகராக இருப்பதால் அதன் விளைவை அடிக்கடி பார்க்கிறேன். மிச்சம் மீதி என்று நினைக்கும் படிப்பை யாரும் விசாரித்து எடுப்பதில்லை. பொறியியல் என்றால் நாலு பேரிடம் கேட்கும் குடும்பம், சமூகவியலா வரலாறா அரசியல் அறிவியலா என்பதை யூ.பி.யூ. எனும் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பம் மூடும் கடைசி ராத்திரியில் முடிவு செய்கிறது. உண்மையில் அதிகம் விசாரிக்க வேண்டியது இங்கேதான். மருத்துவம் படித்தவர் மருத்துவர் ஆவார். சமூகவியல் படித்தவர் என்ன ஆவார் என்பது பட்டத்தின் பெயரில் எழுதியிருக்காது.

அதிகம் குழம்புவது உளவியல் விஷயத்தில். செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருக்கும் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகளின் கையில் ஒரு தனியார் கல்லூரியின் வண்ணக் கையேடு. “மனசு கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு உதவணும் டீச்சர், அதான் சைக்காலஜி” என்றாள். “மூணு வருஷத்துல முடிச்சிட்டு சொந்தமா கிளினிக் வைக்கலாம்ல?” என்று அப்பா கேட்டார். கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கல்லூரியின் பாடப்பட்டியலைக் கணினியில் திறந்தேன். ஒவ்வொரு வரியாக அவளையே படிக்கச் சொன்னேன். ‘புள்ளியியல்’ என்ற இடத்தில் நிறுத்தினாள். கொஞ்சம் கீழே ஆய்வு முறைகள், மூளையும் நரம்பு மண்டலமும், மறுபடியும் புள்ளியியல். “இதுல கணக்கு இவ்வளவு இருக்கா டீச்சர்?” என்று கேட்டாள். இருக்கிறது. கணக்கைக் கண்டு பயந்து கலைத்துறைக்கு வந்த பிள்ளைக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவின் கேள்விக்கு வருவோம். உளவியல் இளங்கலையை மட்டும் வைத்துக்கொண்டு கிளினிக் வைக்க முடியாது. மருத்துவ உளவியலாளர் ஆக அதற்கென்று முதுகலை படிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஆவது என்றால் முதலில் மருத்துவம் படிக்க வேண்டும், அது முற்றிலும் வேறு பாதை. ஆலோசகராகத் தொழில் செய்ய 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற வேண்டும். அதற்குப் பொருத்தமானது வாரியம் ஏற்கும் ஆலோசனைத் துறைப் பட்டம்தான், பொதுவான உளவியல் பட்டம் அல்ல. இதையெல்லாம் கையேடு பெரிய எழுத்தில் போடாது. அந்தப் பிள்ளை இரண்டு நாள் யோசித்தாள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறையை முதல் தேர்வாகவும் ஆலோசனைத் துறையை அடுத்ததாகவும் போட்டாள். அவள் செய்ய நினைத்த வேலை அங்கேதான் இருந்தது.

உளவியல் மோசமான படிப்பு என்று சொல்லவில்லை. மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைச் சோதித்து அளந்து பார்க்க ஆசை இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் மேற்படிப்புக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும்.

மற்ற துறைகளுக்கு என் அறையில் நான் காட்டும் உதாரணம் நம் வட்டாரமே. 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. வரலாறு படிப்பவர் அன்றைய அரசு ஆவணங்களையும் தொழிற்சங்கக் கோரிக்கைகளையும் பெரியவர்கள் சொல்லும் நினைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பார். அவசரகாலம் அரசின் கைக்கு என்னென்ன அதிகாரம் கொடுத்தது என்று அரசியல் அறிவியல் கேட்கும்.

அப்புறம் தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையோடு வீட்டையும் சேர்த்து இழந்தார்கள் நம் மக்கள். அதை எதிர்கொள்ளத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டு போட்டு விற்பது ஏன் லாபமாக இருந்தது, கூட்டுறவு எப்படித் தாக்குப்பிடித்தது என்பது பொருளாதாரம். லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த குடும்பங்களில் உறவும் கோயில் நிர்வாகமும் எப்படி மாறின என்பது சமூகவியல், மானிடவியல். ரப்பர் நிலம் செம்பனை நிலமான கதையை வரைபடத்தில் பிடிப்பது புவியியல்.

இதைச் சொல்லிவிட்டு, எந்தக் கேள்விக்குப் பிள்ளையின் முகம் மாறுகிறது என்று கவனிப்பேன். மூன்று வருடம் அந்தக் கேள்வியோடுதான் குப்பை கொட்ட வேண்டும். தோழி எடுத்தாள், புள்ளி பொருந்தியது என்பதெல்லாம் இரண்டாம் பருவம் வரைகூடத் தாங்காது.

“சரி டீச்சர், சோறு போடுமா?” நியாயமான கேள்வி, இதைக் கேட்கும் பெற்றோர் மேல் எனக்குக் கோபமே வராது. அரசு நிர்வாக, அரசதந்திர அதிகாரி வேலைக்கு எந்தத் துறையிலும் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் போதும். ஆனால் படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய்மொழியில் நல்ல தேர்ச்சி கட்டாயம். கலைத்துறைப் பிள்ளைக்கு எழுத்துதான் கைத்தொழில். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிக்கையைத் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே பட்டம் இருந்தாலும், வேலைச் சந்தையில் இடம் வேறு. தமிழில் ஆர்வமுள்ளவர்கள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையை ஒதுக்கிவிடாதீர்கள். ஆசிரியராகத்தான் ஆக வேண்டும் என்று உறுதியாக இருந்தால் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தையோ தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தையோ முதலில் பாருங்கள்.

எஸ்.பி.எம்.முக்குப் பின் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டு வரும் வீடுகளும் உண்டு. பிள்ளைக்கு வரலாற்றில்தான் ஆசை என்றால் அந்த அழுகை தேவையே இல்லை. மெட்ரிகுலேஷனில் அறிவியல், பொறியியல், கணக்கியல் போன்ற பிரிவுகள்தான், கலைப்பிரிவு கிடையாது. பள்ளியிலேயே தொடரும் படிவம் ஆறுதான் நேரான வழி, செலவும் குறைவு. யூ.பி.யூ. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. சங்கம், விளையாட்டுச் சான்றிதழ்களைத் தொலைத்துவிட்டுக் கடைசியில் தேடாதீர்கள்.

தனியார் கல்லூரி என்றால், பணம் கட்டும் முன் அந்தப் படிப்பின் பெயரை படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் தேடுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, குறிப்பிட்ட அந்தப் படிப்பே இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். எனும் அரசின் உயர்கல்விக் கடன் கிடைக்காது, அரசு வேலைக்கும் செல்லாது.

ஆலோசகரைப் பார்க்க வரும்போது பிடித்த மூன்று படிப்புகளின் பாடப்பட்டியலை அச்சடித்து எடுத்து வாருங்கள். புரியாத பாடங்களைச் சிவப்பு மையில் கோடிட்டு வாருங்கள், பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.